ஒரே மருந்து, வேறு கூண்டு: தூண்டு மருந்துகளும் ஆய்வக எலிகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எலிக்குக் கோகெயின் கொடுத்தார்கள், அது இப்படி நடந்துகொண்டது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் ஒரு விவரம் விடுபட்டிருக்கும். அந்த எலி எங்கே இருந்தது, யாரோடு இருந்தது, எப்படி வளர்ந்தது? இது தெரியாவிட்டால் அந்தச் செய்தியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று கீழே வரும் பதில்களில் சொல்கிறேன்.

தூண்டு மருந்துகள் என்பவை எவை?

ஆம்ஃபிட்டமின், மெத்ஆம்ஃபிட்டமின், கோகெயின், மெத்தில்ஃபெனிடேட் ஆகிய நான்கும்தான் எலி ஆய்வுகளில் அதிகம் வருபவை. நிக்கோட்டினும் காஃபினும் தூண்டு மருந்துகளே, ஆனால் அவை வேலை செய்யும் வழி வேறு. மார்ஃபினும் ஹெராயினும் இந்த வகையில் சேராது, அவை ஓபியாய்டுகள், அதாவது அபினி வகை மருந்துகள். இருந்தாலும் சூழலைப் பற்றிய சில முக்கியமான ஆய்வுகள் ஓபியாய்டுகளை வைத்துத்தான் நடந்தன. அவற்றைப் பேசும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

மூளையில் இவை என்ன செய்கின்றன?

ஒரு நரம்பணு டோபமைன் என்ற தூதுப்பொருளை வெளியே விட்டதும், அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள அந்த அணுவின் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. கோகெயினும் மெத்தில்ஃபெனிடேட்டும் அந்தக் கடத்தியை அடைத்துவிடுகின்றன. டோபமைன் வெளியிலேயே தங்குகிறது. ஆம்ஃபிட்டமின் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது அணுவுக்குள் நுழைந்து, சேமிப்பில் இருக்கும் டோபமைனைக் கலைத்து, அதே கடத்தி வழியாகத் தலைகீழாக வெளியே தள்ள வைக்கிறது.

டோபமைன் ஏறும் இடத்தைப் பொறுத்து நடத்தை மாறும். நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் ஏறினால் எலி ஓடும். மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஸ்ட்ரையேட்டத்தின் மேற்பகுதியில் ஏறினால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

மருந்து ஏறிய எலி பார்க்க எப்படி இருக்கும்?

முதலில் மருந்தில்லாத எலியைப் பார்ப்போம். அதைப் புதிய பெட்டி ஒன்றில் இறக்கிவிட்டால் சுவர் ஓரமாகவே நகரும். மூலைகளை மோந்து பார்க்கும். அவ்வப்போது பின்கால்களில் எழுந்து நிற்கும். நடுவெளிக்குப் போகத் தயங்கும். சில நிமிடங்களில் ஆர்வம் வடிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும்.

உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் ஆம்ஃபிட்டமின் போட்ட எலி அப்படி அடங்காது. பெட்டியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவை 5 மில்லிகிராமுக்கு மேல் கொண்டுபோனால் எலி இன்னும் வேகமாக ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. சிறிது நேரம் ஓடிவிட்டு ஒரே இடத்தில் நின்றுவிடும். தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், மூக்கு கம்பி வலையை விட்டு நகராது. மோந்துகொண்டே, நக்கிக்கொண்டே, சில சமயம் கம்பியைக் கடித்துக்கொண்டே நீண்ட நேரம் அப்படியே இருக்கும். நடமாட்டத்தை மட்டும் கணக்கெடுக்கும் கருவி இதை "எலி அமைதியாக இருக்கிறது" என்று பதிவு செய்துவிடும். அதனால்தான் கருவியை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, நம் காதுக்கு எட்டாதது. ஆம்ஃபிட்டமின் ஏறிய எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் நிறைய ஒலி எழுப்புகின்றன. மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். விளையாடும்போதும் துணையைச் சந்திக்கும்போதும் எலிகள் எழுப்பும் ஒலி இந்த அளவில்தான் வரும். பயந்தால் வரும் ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். தனி மைக் வைத்த ஆய்வகங்களில் இரண்டையும் பிரித்துக் கேட்க முடிகிறது.

ஒரே அளவு மருந்து, ஒரே எலி இனம். இடத்தை மட்டும் மாற்றினால் விளைவு மாறுமா?

மாறும், அதுவும் நிறையவே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டெரி ராபின்சன், ஆல்டோ பதியானி குழுவினர் 1990களில் செய்த ஆய்வுகள் இவை. ஒரே மாதிரியான கூண்டுகள். ஒரு குழு எலிகள் அந்தக் கூண்டிலேயே வாழ்ந்தன, ஊசியும் அங்கேயே போடப்பட்டது. இன்னொரு குழு வேறு இடத்தில் வாழ்ந்து, ஊசி போடும்போது மட்டும் இந்தக் கூண்டுக்குக் கொண்டுவரப்பட்டது. சுவர், தரை, வெளிச்சம் எல்லாம் ஒன்றுதான். முதல் குழுவுக்கு அது வீடு, இரண்டாவது குழுவுக்குப் புது இடம். வித்தியாசம் அவ்வளவுதான். புது இடத்துக்கு வந்த எலிகளிடம் ஆம்ஃபிட்டமினின் விளைவு பெரிதாக இருந்தது. ஊசியை நாள்தோறும் தொடர்ந்தபோது அவற்றின் எதிர்வினை வேகமாக ஏறியது.

இந்த ஏற்றத்துக்குக் கூருணர்வு என்று பெயர். பல மருந்துகளுக்கு உடல் பழகிப்போகும், விளைவு குறையும். தூண்டு மருந்துகளின் ஓட வைக்கும் விளைவோ இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது கூடிக்கொண்டே போகிறது. பிறகு மாதக்கணக்கில் மருந்தே இல்லாமல் இருந்தாலும் அந்தக் கூருணர்வு அப்படியே தங்கிவிடுகிறது. ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இல் முன்வைத்த போதைக் கோட்பாடு இதன்மேல்தான் நிற்கிறது: மருந்து தரும் இன்பம் கூடுவதில்லை, அதன் மீதான வேட்கைதான் கூடுகிறது என்பது அவர்கள் வாதம்.

அதே குழு இன்னொன்றும் செய்து பார்த்தது. யாரும் கூண்டைத் தொடாமல், இரத்தநாளத்தில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மருந்தைச் செலுத்தினார்கள். எலி தன் வீட்டுக் கூண்டிலேயே இருந்தது. குறைந்த அளவுகளில் அப்போது கூருணர்வு உருவாகவில்லை. மருந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் அதன் வரவை எலிக்குச் சொல்ல வெளியே எந்த அடையாளமும் இல்லை.

பழகிய இடம் உயிரைக் காப்பாற்றக்கூட முடியும் என்கிறார்களே?

ஷெப்பர்ட் சீகல் குழுவினர் 1982இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறார்கள். மருந்து ஹெராயின், தூண்டு மருந்து அல்ல. ஹெராயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்கு அதிக அளவு ஒன்றைக் கொடுத்தார்கள். வழக்கமாக மருந்து வாங்கும் அறையிலேயே வாங்கியவற்றில் 32 சதவீதம் இறந்தன. வேறு அறையில் வாங்கியவற்றில் 64 சதவீதம். முன்பு ஹெராயினே காணாத எலிகளில் 96 சதவீதம். அறையின் அடையாளங்களைக் கண்டதுமே உடல் மருந்தை எதிர்கொள்ளத் தயாராகிவிடுகிறது, அறை மாறினால் அந்தத் தயாரிப்பு நடப்பதில்லை என்பது சீகலின் விளக்கம்.

கூண்டில் எத்தனை எலிகள் இருக்கின்றன என்பது முக்கியமா?

முக்கியம். இதற்கான பழைய சான்று சுண்டெலிகளிடமிருந்து வந்தது. 1940இல் கன்னும் கர்டும் கவனித்தார்கள்: ஆம்ஃபிட்டமின் கொடுத்த சுண்டெலிகள் தனியே இருந்தபோது தாங்கிய அளவைக் கூட்டமாக இருந்தபோது தாங்கவில்லை. 1946இல் சான்ஸ் இதையே விரிவாகச் செய்து காட்டினார். நெரிசலில் ஒன்றையொன்று கிளர்ச்சியூட்டி, உடல் வெப்பம் ஏறிச் சாகின்றன. அறை வெப்பமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. மருந்தின் நச்சளவு என்று ஒரு நிலையான எண்ணை எழுதிவைக்கும் வழக்கத்தை இந்த ஆய்வுகள் அன்றே கேள்விக்குள்ளாக்கிவிட்டன.

வளர்ந்த விதம்? பொம்மையும் தோழமையும் இருந்தால் எலி போதையை விட்டு விலகுமா?

பெர்க்லியில் ரோசென்ஸ்வைக், பென்னட், டயமண்ட், கிரெக் ஆகியோர் 1960களில் எலிகளை இரண்டு விதமாக வளர்த்தார்கள். பெரிய கூண்டு, பல தோழர்கள், அடிக்கடி மாற்றப்படும் பொருள்கள் என்று ஒரு பக்கம். வெறும் கூண்டில் தனிமை இன்னொரு பக்கம். வளமான சூழலில் வளர்ந்தவற்றின் பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் வெளிப்படலம், தடிப்பாக இருந்தது.

தூண்டு மருந்துகளைப் பொறுத்தவரை கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பார்டோ குழு பல ஆண்டுகள் உழைத்தது. அவர்கள் கண்டதை ஒரு வரியில் சொல்ல முடியாது. வளமான சூழலில் வளர்ந்த எலிகள், லீவரை அழுத்தி ஆம்ஃபிட்டமின் பெறும் வாய்ப்பிருந்தபோது, குறைந்த அளவு மருந்துக்காகத் தனிமை எலிகளைவிடக் குறைவாகவே அழுத்தின. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கிடைக்கும் அளவைக் கூட்டியதும் அந்த வித்தியாசம் மறைந்தது. இன்னும் ஒன்று: அதே வளமான சூழல் எலிகளுக்கு ஆய்வாளரே ஆம்ஃபிட்டமின் ஊசி போட்டால், முதல் ஊசிக்கு அவைதான் அதிகமாக ஓடின! ஆக, மருந்து அவற்றின் மூளையில் ஏறாமல் போகவில்லை. நன்றாகவே ஏறுகிறது. ஆனால் அதைத் தேடிப் போக அவை அவ்வளவு மெனக்கெடுவதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "நல்ல சூழல் மருந்தை முறியடிக்கும்" என்று எழுதுவது தவறு.

தாயிடமிருந்து பிரித்ததும், அதாவது ஏறக்குறைய 21ஆம் நாளிலிருந்தே தனியாக வளர்க்கப்படும் எலிகள் வேறு ரகம். புது இடத்தில் மிகையாக ஓடும், ஆம்ஃபிட்டமினுக்கு மிகையாக எதிர்வினை காட்டும், எளிதில் திடுக்கிடும். பெரியதான பிறகு தோழர்களோடு சேர்த்துவிட்டாலும் இந்தக் குணங்கள் லேசில் போவதில்லை.

எலிப் பூங்கா ஆய்வு இதையெல்லாம் முன்பே நிரூபித்துவிட்டதே?

அந்த ஆய்வை எனக்கும் பிடிக்கும், ஆனால் அதன் தோளில் ஏற்றப்படும் சுமை அதிகம். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் குழு 1970களின் பிற்பகுதியில் செய்தது. சாதாரணக் கூண்டைப் போல ஏறத்தாழ 200 மடங்கு பரப்பு, ஆணும் பெண்ணுமாக எலிகள், ஒளிய இடம், விளையாடப் பொருள்கள். அங்கே வாழ்ந்த எலிகள், தனிக் கூண்டு எலிகளைவிட மிகக் குறைவாகவே மார்ஃபின் கலந்த இனிப்பு நீரைக் குடித்தன.

மருந்து மார்ஃபின், கோகெயின் அல்ல. வாய்வழியாகக் குடித்தது, இரத்தநாளம் வழியாக ஏறியது அல்ல. 1996இல் வெளியான மறு ஆய்வில் அதே வித்தியாசம் கிடைக்கவில்லை. இருந்தாலும் "எலிக்கு வேறு என்ன வாய்ப்பு கொடுத்தீர்கள்?" என்ற அதன் கேள்வி நிலைத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்னும் உறுதியான பதில்கள் பிறகு வந்தன.

எலி சாகும்வரை கோகெயின் லீவரையே அழுத்தும் என்பது உண்மையா?

ஒரு குறிப்பிட்ட சூழலில், ஆம். போசார்த்தும் வைஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்கு 24 மணி நேரமும் தடையில்லாமல் இரத்தநாளம் வழியாக மருந்து கிடைத்தது. 30 நாளில் கோகெயின் எலிகளில் 90 சதவீதம் இறந்தன, ஹெராயின் எலிகளில் 36 சதவீதம். தனிக் கூண்டு, வேறு செய்ய ஒன்றுமில்லை, லீவர் மட்டும் உண்டு. அந்தச் சூழலைச் சொல்லாமல் அந்த 90ஐ மட்டும் சொல்வது நியாயமில்லை.

கிடைக்கும் நேரமே ஒரு சூழல்தான். அகமதும் கூப்பும் 1998இல் காட்டினார்கள்: நாளுக்கு 1 மணி நேரம் கோகெயின் கிடைத்த எலிகள் வாரக்கணக்கில் ஒரே அளவோடு நிறுத்திக்கொண்டன. 6 மணி நேரம் கிடைத்தவை நாளுக்கு நாள் அளவைக் கூட்டின.

அப்புறம் தேர்வு கொடுத்துப் பார்த்தார்கள். பிரான்சின் போர்டோவில் செர்ஜ் அகமது குழு 2007இல் இரண்டு லீவர்கள் வைத்தது: ஒன்றில் கோகெயின், மற்றொன்றில் சாக்கரின் கலந்த இனிப்பு நீர். 94 சதவீத எலிகள் இனிப்பைத் தேர்ந்தெடுத்தன.

என்னை மிகவும் பாதித்தது 2018இல் வெளியானது. மார்கோ வெனிரோ, யாவின் ஷஹாம் குழுவினர் எலிகளுக்கு மெத்ஆம்ஃபிட்டமின் லீவர் ஒன்றைப் பழக்கினார்கள். இன்னொரு லீவரை அழுத்தினால் ஒரு சிறு கதவு திறக்கும், அடுத்த அறையில் இன்னொரு எலி இருக்கும், 60 விநாடி அதனோடு இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக வைத்தபோது எலிகள் கிட்டத்தட்ட எப்போதும் தோழமையையே தேர்ந்தெடுத்தன. மருந்துக்கு நன்றாகப் பழகியிருந்தவையும் அப்படித்தான். ஆனால் கதவு திறக்கத் தாமதமானாலோ, தோழமையைத் தேர்ந்தால் காலில் மின்னதிர்ச்சி வந்தாலோ, தேர்வு மருந்துப் பக்கம் சாய்ந்தது. தோழமை எட்டும் தூரத்தில், வலியில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதை அந்த இரண்டாம் பகுதி காட்டுகிறது. செய்திகளில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

எல்லா எலிகளும் ஒரே மாதிரியா?

இல்லை. பியாட்சா குழு 1989இல் காட்டியது: புது இடத்தில் அதிகம் ஓடும் எலிகள் ஆம்ஃபிட்டமினைத் தாமே எடுத்துக்கொள்ள வேகமாகக் கற்கின்றன, குறைவாக ஓடுபவை அப்படிச் செய்வதில்லை. மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வித்தியாசம் தெரிகிறது.

2004இல் அதே போர்டோ வட்டாரத்தில் டெரோஷ்-கமோனே, பெலாங், பியாட்சா மூவரும் கோகெயினுக்கு மாதக்கணக்கில் பழகிய எலிகளைச் சோதித்தார்கள். மருந்து கிடைக்காது என்று தெரிந்தும் தேடுகிறதா, அதற்காக எவ்வளவு உழைக்கிறது, தண்டனை வந்தாலும் விடாதா என்று மூன்று சோதனைகள். மூன்றிலும் உயர்ந்து நின்றவை சுமார் 17 சதவீதம்தான்.

பெண் எலிகள் பொதுவாகத் தூண்டு மருந்துகளுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுகின்றன. அவற்றின் 4 அல்லது 5 நாள் சுழற்சியில் எஸ்ட்ரோஜன் ஏறியிருக்கும் கட்டத்தில் இது இன்னும் கூடும். பல பத்தாண்டுகள் ஆண் எலிகளை மட்டும் வைத்து ஆய்வு செய்தது இந்தத் துறைக்குப் பெரிய இழப்பு.

பசி?

கூட்டும். உணவைக் குறைத்து வைத்த எலிகள் மருந்தை அதிகம் எடுக்கின்றன என்று மெரிலின் கேரல் குழு 1979இலேயே காட்டியது. எலியைப் பயிற்றுவிக்க உணவைக் குறைப்பது ஆய்வகங்களில் சாதாரணம் என்பதால், கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இதைத் தேடிப் பாருங்கள். ஓடுசக்கரம் இதற்கு எதிர்த்திசை. சக்கரம் கிடைத்த எலிகள், குறிப்பாகப் பெண் எலிகள், கோகெயினைக் குறைவாக எடுத்துக்கொண்டன.

மருந்தை நிறுத்திவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புமா?

நாள் போகப் போக ஆசை தணியும் என்று எதிர்பார்ப்போம். 2001இல் கிரிம், ஹோப், வைஸ், ஷஹாம் ஆகியோர் வெளியிட்டது அதற்கு நேர்மாறு. கோகெயினோடு முன்பு வந்த அடையாளத்தை (விளக்கு, ஒலி போன்றதை) காட்டியபோது, நிறுத்திய மறுநாளைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து எலிகள் லீவரை அதிகமாக அழுத்தின. பழைய கூண்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாலும் அடங்கியிருந்த தேடல் மீண்டும் கிளம்பும். இந்த இடைக்காலத்தில் எலிகளை வளமான சூழலில் வைத்தால் அடையாளத்தால் கிளம்பும் தேடல் குறைகிறது என்று சோலினாஸ் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அதாவது சூழல் தடுப்பாக மட்டும் அல்ல, பிறகு வரும் உதவியாகவும் வேலை செய்கிறது.

கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பிள்ளைகளை நிதானமாக்குகிறது. எலியை மட்டும் ஏன் ஓட வைக்கிறது?

அளவுதான் பெரும்பகுதி காரணம். பழைய ஆய்வுகள் பலவற்றில் எலிக்குப் போட்ட ஊசி, மருத்துவத்தில் கொடுப்பதைவிட மிக உயர்ந்த அளவு. மருத்துவ அளவுக்கு ஒப்பான குறைந்த அளவை வாய்வழியாகக் கொடுத்தால் எலி மிகையாக ஓடுவதில்லை. அப்போது மருந்து முக்கியமாக முன்மூளைப் புறணியில்தான் டோபமைனையும் நோரெபினெஃப்ரின் என்ற இன்னொரு தூதுப்பொருளையும் கூட்டுகிறது.

மருந்துக்கு முன் எலி என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் கணக்கில் வரும். ஹார்வர்டில் பீட்டர் டியூஸ் 1950களில் தொடங்கிவைத்த கருத்து இது: விலங்கு ஒரு செயலை மெதுவாகச் செய்துகொண்டிருந்தால் ஆம்ஃபிட்டமின் அதை வேகப்படுத்தும், ஏற்கெனவே வேகமாகச் செய்துகொண்டிருந்தால் குறைக்கும்.

ஒரே ஆய்வை இரண்டு ஆய்வகங்கள் செய்தால் முடிவு மாறுகிறதே, யாரை நம்புவது?

1999இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் இதையே சோதித்தார்கள். ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லண்ட் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே வம்சச் சுண்டெலிகள், ஒரே உணவு, ஒரே கருவி, ஒரே நேரத்தில் சோதனை. அப்படியும் சில அளவீடுகளில் ஊருக்கு ஊர் முடிவு மாறியது. கோகெயினால் வரும் ஓட்டமும் அதில் ஒன்று.

எது மாற்றியிருக்கும்? எலியைக் கையாள்பவர் யார் என்பதே போதும். ஆண்களின் வாசனை எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் மன அழுத்த எதிர்வினையை எழுப்புகிறது என்று மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு 2014இல் காட்டியது. சோதனை நேரமும் அப்படித்தான். எலி இரவில் விழித்திருக்கும் விலங்கு. பகல் வெளிச்சத்தில் சோதிப்பவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒன்றைச் சோதிக்கிறார். நல்ல ஆய்வகங்கள் விளக்கு நேரத்தைத் தலைகீழாக்கி, எலிக்குச் சரியாகத் தெரியாத மங்கலான சிவப்பு ஒளியில் வேலை செய்கின்றன.

இதெல்லாம் மனிதருக்குப் பொருந்துமா?

சில இடங்களில் நேராகவே. பதியானி குழு பின்பு ரோமில் எலிகளுக்குக் கோகெயின், ஹெராயின் இரண்டையும் கொடுத்தது. சோதனைக் கூண்டிலேயே வாழ்ந்த எலிகள் ஹெராயின் பக்கமும், அங்கே கொண்டுவரப்பட்டவை கோகெயின் பக்கமும் சாய்ந்தன. இரண்டையும் பயன்படுத்தும் மனிதர்களிடம் கேட்டபோது, ஹெராயினைப் பெரும்பாலும் வீட்டிலும் கோகெயினைப் பெரும்பாலும் வெளியிலும் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் மருந்தின் அளவையோ ஆபத்தையோ எலியிலிருந்து மனிதருக்கு நேராகக் கணக்குப் போடாதீர்கள். சட்டம், வறுமை, அவமானம், நினைவு என்று மனிதச் சூழலில் எலிக்கூண்டில் வைக்கவே முடியாத பல இருக்கின்றன.

எலிகளை இப்படி வைத்திருப்பது சரியா?

கேட்க வேண்டிய கேள்வி. 1959இல் ரஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று கொள்கைகள் இன்றும் அடிப்படை: முடிந்தால் விலங்கைத் தவிர்க்க வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், துன்பத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது கொள்கை நாம் பேசும் பொருளோடு நேராக முட்டுகிறது. கூண்டில் பொருள்களும் தோழர்களும் சேர்த்தால் எலிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, முடிவுகள் சிதறும், அதனால் வெறும் கூண்டே நல்லது என்று சில ஆய்வாளர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். வோல்ஃபர், வூர்பெல் குழுவினர் 2004இல் சுண்டெலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வளமான கூண்டு முடிவுகளின் சிதறலைக் கூட்டவில்லை, ஆய்வகங்களுக்கு இடையிலான ஒப்பீட்டையும் கெடுக்கவில்லை.